பால்பண்ணைக்காரர் கடல் பார்க்கப் போனார்

கறவை மாடு வைத்திருக்கிற வீட்டில், கல்யாணம் காரியம் என்று ஒரு நாள் வெளியூர் போவதற்கே ஆள் தேட வேண்டியிருக்கும். கறக்கத் தெரிந்த ஆள் வேண்டும், மாட்டுக்குப் பழகிய ஆள் வேண்டும். இதில் ஊர் சுற்றுவதாவது! இங்கிலாந்திலும் இதே கதைதான். அந்நாட்டின் வடமேற்கில், பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர் போன செஷயர் மாவட்டத்தில் ஒரு தம்பதி, கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. காலை நாலரை மணிக்கு ஒரு கறவை, பிற்பகல் மூன்றரைக்கு ஒரு கறவை. கிறிஸ்துமஸ் அன்றும் அதேதான்.

மாடுகள் 80. எல்லாம் ஹோல்ஸ்டீன் பிரீசியன். நிலம் 120 ஏக்கர். அதில் 80 ஏக்கர் குத்தகை, 40 ஏக்கர் சொந்தம். நம் கணக்குக்கு இது பெரிய பண்ணை. அங்கே இது சின்னக் குடும்பப் பண்ணை. 1933-ல் ஏற்படுத்தப்பட்ட பால் சந்தை வாரியம் என்ற அமைப்பு, பெரியவர் சிறியவர் பார்க்காமல் எல்லோருடைய பாலையும் வாங்கிக்கொண்டிருந்தது. 1994-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். அதன்பிறகு, பாலை வாங்கும் கம்பெனி சொன்னதுதான் விலை. 2016-ல் லிட்டர் விலை 20 பென்ஸை ஒட்டி இறங்கியபோது, கறக்கக் கறக்க நஷ்டம். 1995-ல் பிரிட்டனில் சுமார் 35,000 பால்பண்ணைகள் இருந்தன. இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. இருக்கிற பண்ணைகளில் மாடுகள் பெருத்திருக்கின்றன, பண்ணைக்காரர்கள்தான் குறைந்துபோனார்கள்.

இந்த வீட்டுக்காரரைக் கவிழ்த்தது விலை அல்ல. மூட்டுவலியும் மாட்டுக் காசநோய்ப் பரிசோதனையும்தான். அங்கே காசநோய்க்கு மாடுகளை முறை வைத்துச் சோதிப்பார்கள். நோய் இருப்பதாகத் தெரிந்தால் அந்த மாட்டை வெட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஈடு கொடுக்கிறார்கள். ஆனால் கன்றிலிருந்து வளர்த்த மாட்டை லாரியில் ஏற்றுகிற மனசுக்கு எந்த அரசாங்கமும் ஈடு கொடுக்க முடியாது. மகன் மான்செஸ்டரில் கணினி வேலையில் இருக்கிறார். திரும்பி வருவதாக இல்லை. 2024 இலையுதிர் காலத்தில் மாடுகளை ஏலச் சந்தையில் விற்றார்கள். குத்தகை நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்சம் சொந்த நிலம் 40 ஏக்கர். அதையும் பக்கத்துப் பண்ணைக்காரர் நல்ல விலைக்குக் கேட்டார். செப்டம்பர் 29-க்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே பழைய வழக்கப்படி குத்தகைக் கணக்கு முடிக்கும் நாள்களில் அது ஒன்று.

விற்றுவிடலாம் என்றுதான் அவர் இருந்தார். மனைவிதான் ஒரு நிபந்தனை போட்டார். "ஆறு வாரம் என்னோட ஊர் சுத்திட்டு வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அதற்காக வாங்கியதுதான் பழைய கேம்பர்வேன். உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் வண்டி. பகலில் பின் இருக்கை, ராத்திரி மடக்கிப் போட்டால் படுக்கை. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, சின்ன குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, இழுத்து வெளியே எடுக்கிற கழிவறைப் பெட்டி. கூரையை மேலே தூக்கிவிட்டால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். வீட்டு மின்சாரத்துக்கென்று தனி பேட்டரி. போகிற இடத்தில் மின் இணைப்பு கிடைத்தால் நீளமான ஒயரை மாட்டிக்கொள்ளலாம். இந்த வண்டியில் ஏறினால் சட்டியிலிருந்து கரண்டி வரைக்கும் எல்லாவற்றையும் கட்டிவைக்கத் தெரிய வேண்டும். முதல் நாள், முதல் வளைவிலேயே குளிர்பெட்டிக் கதவு திறந்துகொண்டது. நாற்பது வருஷம் பால் கறந்தவரின் வண்டி முழுக்கப் பால். கடையில் ஒன்றரை பவுண்டு கொடுத்து நாலு பைண்ட், அதாவது இரண்டே கால் லிட்டர், வாங்கிய பால். வாழ்க்கையில் அவர் காசு கொடுத்து வாங்கிய முதல் பால் அதுதானாம்.

கிளம்பியது 2025 மே மாதம். அந்த வருஷம் இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு மேல் கண்டிராத வறண்ட வசந்தம். ஊர் சுற்ற வந்தவர்களுக்கு வெயில் கொண்டாட்டமாக இருந்தது. இவருக்கு வண்டியின் இரு பக்கமும் தெரிந்தது குட்டையாக நின்ற புல். அங்கே மே மாதம்தான் புல்லின் முதல் அறுப்பு. அறுத்து, குவித்து, காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப் புல்லாக்கி வைப்பார்கள். மாடு குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவது அதைத்தான். முதல் அறுப்பு குறைந்தால் பிப்ரவரியில் தீவனத்துக்கு வெளியே கையேந்த வேண்டும். தனக்கு மாடே இல்லை என்பதை மறந்து, வழி நெடுக அடுத்தவர் வயலுக்குக் கவலைப்பட்டுக்கொண்டே ஓட்டினார்.

தெற்கே டெவன், கார்ன்வால் பக்கம் போனதும் பாதை சுருங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் உயிர்வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். எதிரே டிராக்டர் வந்தால், யாருக்கு ஒதுங்குமிடம் பக்கமோ அவர்தான் பின்னால் போக வேண்டும். கார்ன்வாலில் வேலி என்றால் செடி மட்டுமல்ல. நடுவில் மண்ணை நிரப்பி, இரு முகமும் கல் அடுக்கி, மேலே புல்லும் புதரும் வளரவிட்ட கரை அது. மேற்குக் கோடியில் பென்வித் பகுதியில் உள்ள சில வரப்புகள் வெண்கலக் காலத்தில் போட்டவை; இன்றைக்கும் அதே வரப்புக்குள்தான் மாடு மேய்கிறது.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும், பெரிய இயந்திரம் திரும்ப வேண்டும் என்று சொல்லி, வேலியைப் பிடுங்குவதற்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. இங்கிலாந்தின் உயிர்வேலியில் ஏறத்தாழப் பாதி அப்படிப் போயிற்று. பிறகு பறவை குறைந்தது, மண் கரைந்தது, காற்றுத் தடுப்பு போனது என்றெல்லாம் தெரிந்து, 1997-ல் சட்டம் போட்டார்கள். கிராமப்புற வேலியைப் பிடுங்க இப்போது உள்ளாட்சியில் அனுமதி கேட்க வேண்டும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பறவை கூடு கட்டும் காலத்தில், வெட்டவும் கூடாது. அன்றைக்குப் பிடுங்கக் காசு; இன்றைக்கு நடக் காசு. இரண்டையும் ஒரே ஆயுளில் பார்த்த விவசாயிகள் அங்கே உண்டு.

வேலியின் வயதைக் கணக்கிட அங்கே ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். மேக்ஸ் ஹூப்பர் என்ற விஞ்ஞானி சொன்னது. 30 கெஜ நீளத்தில் எத்தனை வகை மரமும் புதரும் இருக்கின்றனவோ, வேலிக்கு ஏறக்குறைய அத்தனை நூற்றாண்டு வயது. எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனாலும் பொழுதுபோக நல்ல வேலை. அந்தம்மா சாயங்காலத்தில் வேலியோரம் நடந்து எண்ணிக்கொண்டே போவார். அவர் பின்னாலேயே போய், கிளையைப் பாதி வெட்டி மடக்கிப் பின்னிய இடங்களைத் தொட்டுப் பார்ப்பார். குளிர்காலத்தில் செய்கிற வேலை அது. தண்டை முக்கால்வாசி வெட்டிச் சாய்த்தால், சாய்ந்த தண்டும் துளிர்க்கும், அடிக்கட்டையும் துளிர்க்கும். ஆட்டுக்குட்டி நுழைய முடியாத வேலி கிடைக்கும். முள்கம்பி வாங்கிக் காசைக் கரைக்கிற நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

வடக்குக் கார்ன்வாலில் பியூட் என்ற கடலோர ஊர். எல்லோரும் அலையில் பலகை மிதித்து விளையாட அங்கே போகிறார்கள். இந்தத் தம்பதி போய் நின்றது ஒரு பழைய கால்வாயின் கரையில். 1823-ல் திறந்த கால்வாய், சுமார் 35 மைல். எதற்கு வெட்டினார்கள் தெரியுமா? கடல் மணலை உள்நாட்டு வயலுக்குக் கொண்டுபோவதற்கு. அந்தக் கடற்கரை மணலில் நொறுங்கிய சிப்பி ஓடு நிறைய. சிப்பி என்றால் சுண்ணாம்பு. உள்நாட்டு மண்ணோ புளிப்பு மண். சுண்ணாம்பு சேர்த்தால் புளிப்பு அடங்கும், போட்ட எரு பயிருக்குச் சேரும். மண் பரிசோதனைக் கூடம் இல்லாத காலத்திலேயே அனுபவத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கால்வாயில் மேட்டை ஏற லாக் எனப்படும் மடைகள் போதவில்லை என்று, சின்னப் படகுகளுக்கு அடியில் சக்கரம் மாட்டி, சரிவில் தண்டவாளம் போட்டு, தண்ணீரின் விசையாலேயே சங்கிலி கட்டி இழுத்திருக்கிறார்கள். ரயிலும் மலிவு உரமும் வந்த பிறகு கால்வாய் படுத்துவிட்டது. கடற்கரையில் மணல் ஏற்றிய குட்டித் தண்டவாளத்தை இன்றும் பார்க்கலாம். அவர் ஒரு பிடி மணலை அள்ளி, விரலில் தேய்த்து, நாக்கிலும் வைத்துப் பார்த்தார். பலகையோடு போன இளைஞர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம்.

ராத்திரி எங்கே தங்குவது என்பது இந்தப் பயணத்தில் பெரிய கேள்வி. இங்கிலாந்தில் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திப் படுத்துவிட முடியாது. நிலம் யாருடையதோ அவர் அனுமதி வேண்டும். டெவனில் உள்ள டார்ட்மூர் பொட்டல் மேட்டில் மட்டும் கூடாரம் அடித்துத் தங்கும் உரிமை பழைய சட்டப்படி பொதுமக்களுக்கு இருக்கிறது. நில உரிமையாளர் ஒருவர் வழக்குப் போட, இவர்கள் பயணம் போன அதே மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உரிமை உண்டு என்றே தீர்ப்பு சொன்னது. ஆனால் அது கூடாரத்துக்கு, வேனுக்கு அல்ல.

வேனுக்குக் கைகொடுப்பது விவசாயிகள்தான். 1960-ல் வந்த ஒரு சட்டத்தில் சின்ன வசதி ஒன்று வைத்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட பயணிகள் சங்கம் சான்று கொடுத்தால், ஒரு விவசாயி தன் நிலத்தில் ஐந்து வண்டி வரை சங்க உறுப்பினர்களைத் தங்கவைக்கலாம். தனியாகத் திட்ட அனுமதியும் உரிமமும் தேவையில்லை. குடிதண்ணீர்க் குழாய், கழிவறைப் பெட்டியைக் கொட்டுமிடம், குப்பைத்தொட்டி இருந்தால் போதும். ஒரு ராத்திரிக்குச் சுமார் 15, 20 பவுண்டு. மின் இணைப்பு கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கூட. 2023-ல் இன்னொரு விதியும் சேர்ந்தது: உள்ளாட்சிக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, வருஷத்தில் 60 நாள் வரை, 50 கூடாரமோ கேம்பர்வேனோ நிறுத்திக்கொள்ளலாம். அறுப்பு முடிந்த புல் வயல், சம்பாதிக்கிற வயலாகிவிடுகிறது.

இவர்கள் தங்கியது எல்லாமே இப்படி ஐந்து வண்டி இடங்கள். வேலியோரம் ஒரு குழாய், வாசலில் முட்டையும் ஜாமும் வைத்த அலமாரி, காசு போட ஒரு தகர டப்பா. ஆளே கிடையாது. எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். டெவனில் ஒரு பண்ணையில் ஜெர்சி மாடுகள். நம் சமவெளியில் கலப்பினத்துக்குப் பரிந்துரைக்கிறோமே, அதே ஜெர்சி. பிறந்த இடம் பிரான்சுக் கரையை ஒட்டியுள்ள ஜெர்சி தீவு. 1789 முதல் 2008 வரை வெளியிலிருந்து எந்த மாட்டு ரத்தமும் தீவுக்குள் கலக்கவிடாமல் காத்தார்கள். அந்தப் பண்ணைக்காரி பாலைவிட வண்டிகளில்தான் நிம்மதியாகக் காசு பார்ப்பதாகச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, ஏக்கர் கணக்குக்குக் கொடுத்துவந்த நேரடி மானியத்தை 2021 முதல் படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள். மண்ணைப் பேணினால், வேலியைப் பேணினால் பணம் என்று புதுத் திட்டம் வந்தது. விண்ணப்பம் எழுதி முடிப்பதற்குள், 2025 மார்ச் 11 அன்று, புதிய விண்ணப்பம் வாங்குவதை ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். "எழுதின காகிதத்தை என்ன செய்யன்னு தெரியல, மாட்டுக்கா போட முடியும்?" என்று கேட்டாராம் அந்தப் பெண்மணி. கடைசி நாள் அறிவிக்காமல் திட்டம் மூடுகிற வழக்கம் எங்கும் விவசாயிக்குப் புதிதல்ல போலிருக்கிறது.

தென்கரையை வேகமாகக் கடந்தார்கள். கூட்டம் அதிகம். செல்சி அருகே மெட்மெரி என்ற இடத்தில் மட்டும் அரை நாள் நின்றார்கள். அடிக்கடி உடைந்த கரையைக் காத்துக் காத்து அலுத்து, உள்ளே தள்ளிப் புதுக்கரை போட்டுவிட்டு, 2013-ல் பழைய கரையைத் தாங்களே வெட்டிக் கடலை உள்ளே விட்டுவிட்டார்கள். விளைந்த வயல்கள் இன்று உவர்ச் சதுப்பு, பறவைகள் ஏராளம். பறவை பார்க்க வந்தவர்கள் தொலைநோக்கியோடு நின்றார்கள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து வடக்கே, கேம்பிரிட்ஜுக்கு அப்பால் ஃபென் எனும் பழைய சதுப்பு நிலப்பகுதி. வடிகால் வெட்டி விளைநிலமாக்கியது. கரி போன்ற கறுப்பு மண். ஹோம் ஃபென் என்ற இடத்தில், 1851 வாக்கில் ஓர் இரும்புத் தூணைத் தரைமட்டத்துக்குப் புதைத்து வைத்தார்கள், வடிந்த மண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க. இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. தூண் எழும்பவில்லை, மண்தான் கீழே போயிற்று. நீர் வடிந்த கரிமண் காற்றுப் பட்டு மட்கி, காற்றோடு போய்விடுகிறது. அந்த வட்டாரம் கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர் கீழே. பிரிட்டனிலேயே தாழ்ந்த நிலம் அதுதான். அந்தத் தூணின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால், தன் தாத்தாவின் தாத்தா உழுத தரை தலைக்கு மேலே இருக்கிறது. மண்வளம் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் ஒருமுறை அதைப் பார்க்கலாம்.

ஜூன் நடுவில் யார்க்ஷயரின் கிழக்குக் கரைக்கு வந்தார்கள். ஹோல்டர்னெஸ் என்று பெயர். அந்தம்மா பயணத்துக்குப் பிடிவாதம் பிடித்ததற்கு உண்மைக் காரணம் இந்த ஊர்தான். எட்டு வயதில், 1967-ல், அப்பா அம்மாவோடு இங்கே கடலோர வயலில் கேரவன் போட்டு ஒரு வாரம் தங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு கடலோரம் தங்கியதே இல்லை. பண்ணைக்காரரைக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஹோல்டர்னெஸ் கரை பாறை அல்ல. பனிக்காலத்தில் பனிப்பாறை கொண்டுவந்து கொட்டிய களிமண். கோதுமைக்கு அருமையான மண். கடலுக்குக் கரும்பலகையில் எழுதியதை அழிப்பதுபோல. ஐரோப்பாவிலேயே மிக வேகமாகக் கரைகிற கரைகளில் இது ஒன்று. வருஷத்துக்குச் சராசரி 2 மீட்டர் வரை போகிறது. ரோமானியர் காலத்திலிருந்து சுமார் மூன்றரை மைல் அகல நிலமும், ஏறத்தாழ 30 கிராமங்களும் கடலுக்குள் போய்விட்டன. எல்லா வருஷமும் ஒரே அளவில் போகாது. கடற்கரை மணல் தாழ்ந்த இடம் ஒன்று உண்டு. அங்கே அலை நேராக மேட்டின் அடியை அடிக்கும். அந்தத் தாழ்வு மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அது உங்கள் வயலுக்கு நேரே வந்த வருஷம் பெரிதாகப் போகும். தாண்டிப் போனால் சில வருஷம் நிம்மதி.

தங்கிய பண்ணை, மேப்பிள்டன் என்ற ஊருக்குத் தெற்கே. பண்ணைக்காரருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். வயலின் கடைசியில் தார்ப்பாதை ஒன்று கடலை நோக்கிப் போய் அந்தரத்தில் முடிகிறது. மேட்டின் முகத்தில், தாத்தா காலத்தில் வயலுக்கு அடியில் பதித்த வடிகால் ஓட்டுக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மழை பெய்தால் வயல் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகக் கடற்கரை மணலில் சொட்டும்.

அந்தம்மா தன் அப்பாவின் கேரவன் நின்ற இடத்தை அடையாளம் சொன்னார். பக்கத்தில் ஒரு செங்கல் கொட்டகை, இரண்டு எல்ம் மரம். பண்ணைக்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது. கையை நீட்டிக் கடலைக் காட்டினார். "அதோ, அலை உடையுதே, அதுக்கும் அந்தாண்ட." கரையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் இருக்கும். அந்தம்மா வெகு நேரம் அங்கேயே நின்றிருந்தார். பிறகு வண்டிக்கு வந்து டீ போட்டார்.

ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருந்தது. இரண்டு விவசாயிகளும் மேட்டின் ஓரமாக நடந்தார்கள். 1991-ல் மேப்பிள்டன் ஊரையும் அதை ஒட்டிய சாலையையும் காப்பாற்ற, இரண்டு பாறைத் தடுப்புகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். நம் கடற்கரையில் தூண்டில் வளைவு என்கிறோமே, அதே வேலைதான். மணல் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிற கரை. தடுப்பு மணலைப் பிடித்துக்கொண்டது, ஊர் பிழைத்தது. தெற்கே போக வேண்டிய மணல் போகவில்லை. தெற்கேயுள்ள வயல்களின் அரிப்பு கூடிவிட்டது. நம் மீனவ ஊர்களில் ஒரு குப்பத்துக்குக் கல் கொட்டினால் அடுத்த குப்பம் சண்டைக்கு வருவது இதனால்தான். அங்கே அரசின் கரைத் திட்டத்தில் ஊர்களுக்கும் எரிவாயு நிலையத்துக்கும் பாதுகாப்பு உண்டு. நடுவில் உள்ள விளைநிலத்துக்கு இல்லை. தடுப்புக்கு ஆகும் செலவைவிட நிலத்தின் மதிப்பு குறைவு என்பது கணக்கு. கடல் கொண்டுபோன நிலத்துக்கு இழப்பீடும் கிடையாது. விழப்போகும் வீட்டை இடித்து அப்புறப்படுத்த 6,000 பவுண்டு வரை உதவி உண்டு. இடிப்பதற்கு மட்டும்.

"விக்க முயற்சி பண்ணினீங்களா?" என்று செஷயர்க்காரர் கேட்டிருக்கிறார்.

"யார் வாங்குவா? வங்கிக்காரன் வரைபடத்தைப் பார்த்ததும் எழுந்துருவான்."

ஆனாலும் கோதுமை போட்டிருந்தார். ஓரத்தில் டிராக்டர் பாரம் தாங்காது என்று பத்துப் பன்னிரண்டு கெஜம் புல்லாக விட்டு, மிச்சத்தில் விதைப்பு. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் விதைக்கும் முன் தப்படி போட்டு அளப்பாராம். போன வருஷத்துக்கு இந்த வருஷம் எத்தனை தப்படி குறைவு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். அவர் அப்பாவும் எழுதினார். வண்டிகளுக்கான தண்ணீர்க் குழாயை இதுவரை மூன்று தடவை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார். நாலாவது தடவைக்குக் குழாய் வாங்கிக் கொட்டகையில் வைத்திருந்தார். கோதுமையில் மிஞ்சுகிறதோ இல்லையோ, ஐந்து வண்டிக் காசில்தான் உழவுச் செலவு ஓடுகிறதாம்.

மூன்று நாள் தங்க நினைத்தவர்கள் எட்டு நாள் தங்கினார்கள். குழாய்ப் பள்ளத்தை இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினார்கள். தங்கும் காசை அவர் வாங்க மறுத்தார். அந்தம்மா தகர டப்பாவில் போட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு மேற்கே கம்ப்ரியா மலைகள். ஏரிகள் அழகு; அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஹெர்ட்விக் ஆடுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்த மலைகளில் வேலி கிடையாது. ஆனாலும் ஆடு தன் எல்லையைத் தாண்டாது. தாய் ஆட்டின் பின்னே நடந்து குட்டி எல்லையைக் கற்றுக்கொள்கிறது. அது தன் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அந்தப் பழக்கம் பண்ணையோடு ஒட்டியது. ஆட்டை விற்றாலும் மலைக்குரிய மந்தையை விட்டுவைத்துத்தான் பண்ணை கைமாறும். குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் அங்கே பெரிய ஆட்டுப் பண்ணைக்காரி. 1943-ல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். தன் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தை தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

2001-ல் கோமாரி நோய் வந்தபோது நாடு முழுக்க 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளை வெட்டினார்கள். மிக மோசமாக அடிபட்டது கம்ப்ரியா. வயலில் குவித்து எரித்த புகை வாரக்கணக்கில் நின்றது. பாதைகளை மூடினார்கள், ஊர் பார்க்க வருகிறவர்கள் நின்றுபோக, விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்தே சரிந்தார்கள். மலை மந்தை அழிந்தால் எல்லை தெரிந்த ஆடே இல்லாமல் போய்விடுமே என்பதுதான் அப்போது அங்கே பெரிய பயம். பணம் கொடுத்து ஆடு வாங்கலாம், அதன் நினைவை எங்கே வாங்குவது? நல்லவேளையாக எல்லா மந்தையும் போகவில்லை. அந்த வருஷம் செஷயரிலும் நோய் வந்திருந்தது. தன் பண்ணை வாசலில் கிருமிநாசினி ஊற்றிய வைக்கோலைப் பரப்பிவைத்து, மாதக்கணக்கில் வெளியே போகாமல் இருந்ததை அவர் ஒரு கம்ப்ரியா ஆட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டுக்காரர் கேட்டுக்கொண்டாரே தவிர, தன் கதையைச் சொல்லவில்லை.

ஜூலை முதல் வாரம் வீடு திரும்பினார்கள். புல் பழுப்பாகிக் கிடந்தது. வந்த மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து, 40 ஏக்கரையும் தப்படி போட்டு அளந்தார். எதற்கு என்று மனைவி கேட்கவில்லை.

செப்டம்பரில் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு 22 ஏக்கரைக் கொடுத்தார்கள். அவர் வயலை ஒட்டிய துண்டு அது, நல்ல விலையும் கிடைத்தது. ரோட்டோரம் உள்ள 18 ஏக்கரைக் கொடுக்கவில்லை. அதன் மூலையில் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழியும் போட்டு, ஐந்து வண்டிக்குச் சான்று கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா காலத்தில் விட்டுப்போன கிழக்கு வேலியில் முள்மரக் கன்றும் ஹேசல் கன்றும் நடுவதற்கு, குளிர்காலத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

மாடு இரண்டு வாங்கலாமா, ஜெர்சியாக, வீட்டுக்கு மட்டும், என்று ஒரு நாள் மெல்லக் கேட்டுப் பார்த்தார். ஆடு வேண்டுமானால் எத்தனை வேண்டுமானாலும் வாங்குங்கள், பால் கறக்கிறது எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார் மனைவி. இருபது ஆடு வந்திருக்கிறது. அடுத்த மே மாதம் நார்தம்பர்லண்ட் பக்கம் போகும்போது அதைப் பார்த்துக்கொள்ள, நிலம் வாங்கின பக்கத்துப் பண்ணைக்காரரிடமே பேசி வைத்திருக்கிறார்கள்.